நிலாக் கப்பலின் சமையல்காரர்

நான் வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள், ரிப்பேரும் செய்கிறார்கள். போன மாதம் என் கைப்பேசியைக் கொடுக்கப் போயிருந்தேன். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்த பையன் நிமிர்ந்து பார்த்து, "அங்கிள், நீங்க வால்வு டிவி காலத்து ஆளாமே. உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான ரிப்பேர் எது?" என்று கேட்டான். நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, கால் கழுவி, சாமி விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தபோதுதான் பதில் வந்தது. ரிப்பேர் என்று பார்த்தால் அது ஒரு விரலளவு வேலை. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் நினைத்தால் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது. எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதையே எழுதுகிறேன். படிப்பு குறைந்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலாக்கா மாநிலத்து ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால் மரம் வெட்டினார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மலாக்கா டவுனுக்கு வந்து பண்டார் ஹிலிரில் ஒரு வானொலிக் கடையில் சேர்ந்தேன். முதலில் பெட்டி தூக்கினேன், பிறகு தூசு துடைத்தேன், பிறகு கம்பிகளை ஒட்ட ஈயம் வைக்கக் கற்றேன், கடைசியில் வானொலியைத் திறக்க விட்டார்கள். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த இரவில் ஊரே வானொலி கேட்டதே, அதில் எத்தனையோ பெட்டிகள் என் கை பட்டவை. அதற்குச் சில வருஷம் கழித்துத் தொலைக்காட்சி வந்தது. எங்கள் கடைக்காரர் சியோங், எல்லோருக்கும் அவர் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு டிவி பெட்டியைக் கடை நடுவில் வைத்துப் பின்பக்கப் பலகையைக் கழற்றிக் காட்டி, "மணியம், இதுக்கு நீ பயப்படணும். பயப்படாதவன் எனக்கு வேணாம்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

தவுக்கேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே தங்கிவிட்ட பாபா சீனர். அவர் வீட்டிலும் மலாய்தான் பேசுவார்கள். கடையில் சாரோங்கும் பனியனுமாக இருப்பார். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வேலை வந்தால் முழுக்கால் சட்டை, வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து. "வாசல்லயே கழற்றப் போற சப்பாத்துக்கு எதுக்குத் தவுக்கே பாலிஷ்?" என்று ஒருமுறை கேட்டேன். "வாசல் வரைக்கும் கூட வருதே, பாவம்" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு நாள் வரைக்கும்.

ஒரு வீட்டுக்குள் போனதும் பெட்டியைத் தொடமாட்டார். வீட்டுக்காரரை உட்காரச் சொல்லி, "படம் எப்படிப் போச்சுன்னு சொல்ல வேணாம். போகும்போது என்ன சத்தம் வந்துச்சு? என்ன வாடை அடிச்சுச்சு?" என்று கேட்பார். சுட்ட மீன் வாடை என்றால் ஒன்று, பழைய ரப்பர் வாடை என்றால் வேறொன்று. பிறகு பிளக்கை உருவித் தன் சட்டைப் பையில் தொங்கவிட்டுக்கொள்வார், நாம் பார்க்காத நேரத்தில் யாரும் செருகிவிடக் கூடாது என்று. படக்குழாயில் தங்கியிருக்கிற மின்சாரத்தை, கம்பி கட்டிய திருப்புளியால் இறக்கிவிடுவார். பட்டென்று ஒரு நீலப் பொறி தெறிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவார். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கை வைக்க வேண்டி வந்தால், இடது கை கால்சட்டைப் பைக்குள் போய்விடும். இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். ஒரு கை என்றால் தூக்கி எறியும், உயிரோடு விடும். பின்னால் நின்று வேலை செய்கிறவனுக்கு முன்னால் படம் தெரியாது அல்லவா? அதற்கு வீட்டுக்காரரிடம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிப் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைப்போம். மலாக்காவில் எத்தனை பெண்களின் அலங்காரக் கண்ணாடியில் நான் படம் பார்த்திருக்கிறேன், அம்மனுக்குத்தான் தெரியும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி, நானும் என் மனைவி ராசம்மாவும் காஜா பெராங்கில் கம்போங் செட்டி என்கிற செட்டி மக்கள் குடியிருப்பில் ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் வேலுப்பிள்ளை, துறைமுகத்தில் குமாஸ்தா. செட்டி மக்களைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம்மைப் போலவே மாரியம்மனையும் பிள்ளையாரையும் கும்பிடுகிறவர்கள், நமக்கு எவ்வளவோ காலம் முன்பே வந்து தங்கிவிட்டவர்கள். வீட்டில் பேசுவது மலாய். அவர்கள் பேசியதை எல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

கம்போங்கில் முதல் டிவி வாங்கியது வேலுப்பிள்ளை. கூரையில் ஏரியல் வைத்தவன் நான். நான் மேலே குழாயைத் திருப்ப, ராசம்மா கீழிருந்து, "இப்ப ஒரு ஆளு ரெண்டு ஆளாத் தெரியறாரு! திருப்புங்க! ஐயையோ, மூணு ஆளு!" என்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. படம் தெளிந்த அன்றைக்கே தெரு முழுவதும் அந்தக் கூடத்தில்தான்.

வாரம் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு, ஒரு சிரிப்புத் தொடர் வரும். வெளிநாட்டுப் படம், ஆங்கிலப் பேச்சு. நாங்கள் வைத்த பெயர் நிலாக் கப்பல். வானத்தில் பறக்கிற ஒரு கப்பல், அதில் ஐந்து பேர். கப்பல் தலைவன் ஒரு பெரிய மீசைக்காரன். ஒரு யந்திர மனிதன் உண்டு, பார்த்தால் அரிசி டின்னுக்குக் கை கால் வைத்தது மாதிரி இருக்கும். எல்லோரையும் விட முக்கியமான ஆள் சமையல்காரர். குட்டையான மனுஷன், வழுக்கைத் தலை, வயிற்றில் ஏப்ரன், கையில் எந்நேரமும் கரண்டி. தெருவில் அவருக்கு 'துக்காங்' என்று பெயர். மலாயில் கைவேலை தெரிந்தவனை அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொரு வாரமும் கப்பல் ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கும். துக்காங் கூடையை எடுத்துக்கொண்டு காய்கறி தேடிப் போவார். மலையெல்லாம் அட்டையில் வரைந்தது என்று பார்த்தாலே தெரியும், ஒருமுறை காற்றில் ஆடியது. அவர் வருவதற்குள் கப்பல் கிளம்பிவிடும். யாருக்கும் அவர் ஞாபகமே இருக்காது. அப்புறம் அவர் என்னென்னவோ பித்தலாட்டம் செய்து, பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பறந்து, சன்னல் வழியாக உள்ளே விழுந்து, "சாப்பாடு தயார்" என்பார். மற்ற நாலு பேரும் அவர் போனதே தெரியாமல் தட்டை நீட்டுவார்கள். இவ்வளவுதான் கதை. வாரா வாரம் இதேதான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

எனக்குக் கடையில் பொறுக்கிய இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். குமாஸ்தா வேலுப்பிள்ளைக்கு என்னை விட வரும், ஆனால் எடுத்துச் சொல்ல அவருக்குப் பொறுமை கிடையாது, அதனால் அந்தக் கூடத்தில் நான்தான் படித்தவன். நான் மலாயில் எடுத்துச் சொல்வேன், புரியாத இடத்தில் நானே வசனம் போட்டுவிடுவேன். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிக்கிறவர் மங்கலம் அக்கா. வேலுப்பிள்ளையின் தம்பி மனைவி. அதே வீட்டில் பக்கத்து அறையில் மகள் தேவியோடு இருந்தார், காலையில் கூவே பலகாரம் செய்து விற்பார். துக்காங் கப்பலைத் தவறவிடுகிற இடம் வந்தால் போதும், முட்டியில் அடித்துக்கொண்டு, "போயிடுச்சு! மறுபடியும் போயிடுச்சு!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். "தம்பி, இன்னொரு தரம் சொல்லு, கேப்டன் என்ன சொன்னான்?" என்பார். நானும், "எல்லாரும் வந்தாச்சா, கதவை மூடுங்கன்னு சொன்னான் அக்கா" என்று கேப்டன் குரலிலேயே சொல்வேன்.

ஒரு நாள் படம் முடிந்து பின்கட்டுக்கு வந்ததும் ராசம்மா கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, அந்த ஆள் கப்பலைத் தவறவிட்டதை அந்த அக்காகிட்ட நடிச்சு நடிச்சுக் காட்டுறீங்களே. அவங்க வீட்டுக்காரர் எப்படிப் போனாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"செத்துப் போயிட்டாருன்னு நெனச்சேன்."

"அதுதான் யாருக்கும் தெரியலையாம். அவரு சரக்குக் கப்பல்ல குக்கு. ஏதோ ஒரு ஊர்ல காய்கறி வாங்க எறங்கியிருக்காரு. கப்பல் அவரை விட்டுட்டு வந்துருச்சாம். சிங்கப்பூருக்கு வந்து எண்ணிப் பார்த்தாதான் ஆள் கொறையுதாம். தேவி அப்பக் கைக்குழந்தை."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நெற்றியில் பூசியிருந்த விபூதி வேர்வையில் கண்ணுக்குள் இறங்கியது. நாங்கள் எல்லோரும் சிரித்ததும் அந்தப் பெண் முட்டியில் அடித்துக்கொண்டு சிரித்ததும் ஒன்றில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்த வாரம் நான் வாயே திறக்கவில்லை. மங்கலம் அக்கா திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, கேப்டனுக்குத் தொண்டை கட்டிடுச்சா? சொல்லு லா" என்றார். சொன்னேன். அதே மாதிரி சிரித்தார்.

அப்போது தேவிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதில்தான் சிக்கல். செட்டி வீடுகளில் பொங்கலுக்கு முதல் நாள் 'பார்ச்சு' என்று ஒரு படையல் உண்டு. இறந்துபோன பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் கூடத்தில் ஒரு வாழை இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள், அவர்கள் வந்து சாப்பிட. வீட்டில் கல்யாணம் வருகிறது என்றால் அந்தப் படையலில்தான் முன்னோர்களிடம் சொல்ல வேண்டும். தேவியின் அப்பாவுக்கு மட்டும் இத்தனை வருஷமாக இலை கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை அடிக்க வேண்டும், பெண்ணின் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று கேட்டுவிட்டார்கள். நியாயம்தானே.

கூடத்தில் வேலுப்பிள்ளையும் மங்கலம் அக்காவும் பேசியது பின்கட்டு வரை கேட்டது. அவரை அக்கா 'அபாங்', அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"மங்கலம், உயிரோட இருக்கிறவனுக்கு இலை போட்டா நாமளே அவனைக் கொன்ன மாதிரி. அது எனக்கும் தெரியும். ஆனா போனவனுக்குப் போடாம இருந்தா, அவன் இத்தனை வருஷமாப் பட்டினி. என் தம்பி பட்டினி. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும் அபாங்?"

"அப்ப யாருக்குத் தெரியும்?"

பிறகு மங்கலம் அக்கா, "அந்தக் கதை முடியட்டும். முடிஞ்ச பிறகு சொல்றேன்" என்றார்.

"எந்தக் கதை?"

"நிலாக் கப்பல்."

வேலுப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ராசம்மாதான், "அவங்க விளையாட்டுக்குச் சொல்லலைங்க" என்றாள்.

பார்ச்சுக்குச் சில வாரம் இருந்தது. அன்றைக்குக் கூடம் நிறைந்துவிட்டது. செய்தி ஓடிக்கொண்டிருந்தபோதே படம் மேலும் கீழும் சுருங்கி, திரைக்கு நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடாகிவிட்டது. செய்தி வாசிப்பவர் குரல் மட்டும் அந்தக் கோட்டிலிருந்து வந்தது. "அலாமாக்!" என்று வேலுப்பிள்ளை தலையில் கை வைத்தார். மங்கலம் அக்கா என்னைப் பார்த்தார். நான் சைக்கிளை எடுத்தேன்.

தவுக்கே கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும், "சத்தம்?" என்றார். "டப்புனு இல்ல தவுக்கே, சின்னதா ஒரு கிறீச்." உள்ளே போய் ஒரு வால்வை எடுத்தார். கால்சட்டையும் சப்பாத்தும் போட்ட பிறகுதான் கிளம்பினார். எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. அவர் லேஸ் கட்டுகிறார்.

வீட்டில் தேவியின் கண்ணாடியை வாங்கி நாற்காலியில் சாய்த்தோம். பிளக்கை உருவி, மின்சாரத்தை இறக்கி, புது வால்வைப் போட்டு, மறுபடி ஏற்றினார். அதே கோடு. தொடரின் பாட்டு ஆரம்பித்துவிட்டது. தவுக்கே இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "சாப்பிடுற குச்சி இருக்கா? மூங்கில். காய்ஞ்சது" என்று கேட்டார். பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று வந்தது. அதன் நுனியால், ஓடுகிற பெட்டிக்குள் ஒவ்வொரு இடமாக மெதுவாகத் தட்டினார். வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. வால்வு உட்காரும் குழிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை அழுத்தியதும், கண்ணாடிக்குள் கோடு வாயைத் திறந்து முழுப் படமானது. கூடம் கைதட்டியது. அவர் குச்சியை எடுத்தார். கோடு. வைத்தார். படம்.

"ஈயம் விட்டிருக்கு" என்றார். "கழற்றிப் பற்ற வைக்கணும். அரை மணி நேரம்."

"தவுக்கே, அதுக்குள்ள கதை முடிஞ்சிடும்" என்றார் மங்கலம் அக்கா.

தவுக்கே அவர் முகத்தைப் பார்த்தார். அந்தக் குடும்பத்துக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் எதையோ பார்த்தார் போல. குச்சியை மறுபடி அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டார். பெட்டிக்குப் பின்னால், ஒரு கை பைக்குள், ஒரு கை குச்சியில், படம் முடியும்வரை. கண்ணாடியில் அவரும் பார்த்தார். துக்காங் ஒரு பெரிய முட்டைக்கோசைக் கட்டிப்பிடித்து இழுத்துத் தானே அதற்குள் விழுந்த இடத்தில் குச்சி ஆடியது, படம் கோடானது, எல்லோரும் "தவுக்கே!" என்று கத்தினோம். எட்டிப் பார்த்தால் மனுஷன் சிரிக்கிறார். தோள் குலுங்கச் சிரிக்கிறார். எனக்கு அது டிவியை விட அதிசயம்.

வழக்கம் போலக் கேப்டன் கதவை மூடச் சொன்னான். வழக்கம் போலக் கப்பல் கிளம்பியது. மங்கலம் அக்கா முட்டியில் அடிக்கக் கையைத் தூக்கினார். துக்காங் முட்டைக்கோசின் மேல் ஏறி நின்று கரண்டியை ஆட்டினார். கப்பல் மேலே போகப் போக அவர் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, ஒரு புள்ளியானார். இந்த முறை சன்னல் வழியாக யாரும் விழவில்லை. எழுத்து வந்தது, பாட்டு வந்தது. "மீதி அடுத்த வாரமாம்" என்று நான் சொன்னேன். மங்கலம் அக்காவின் தூக்கிய கை அப்படியே இருந்தது.

மறுநாளே கடைக்குக் கொண்டுபோய் ஈயம் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அடுத்த வாரம் எல்லோரும் நேரத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். படம் கண்ணாடி மாதிரி தெளிவு. அந்த நேரத்தில் வந்தது சோளம் பயிரிடுவது எப்படி என்று ஒரு படம். ஒருவர் சோளத்தை உரித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். துக்காங் வருவார் என்று கடைசி வரை பார்த்தோம். அதற்கடுத்த வாரமும் சோளம்தான், இல்லை, அது கோழி வளர்ப்பு.

பழி என் மேல் விழுந்தது. "குச்சி வெச்சிருந்தப்ப வந்துச்சு. நீங்க ஈயம் வெச்ச பிறகுதான் சோளம் வருது" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"ஐயா, அது ஸ்டேஷன்காரங்க அனுப்புறது. பெட்டிக்குள்ள இல்ல."

"அப்படின்னா முந்தி எப்படி வந்துச்சு? அந்த ஈயத்தை எடுத்துடு தம்பி. குச்சியை நாங்களே மாத்தி மாத்திப் பிடிச்சுக்கறோம்."

தெருவே சேர்ந்து கேட்டது. பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தக் குச்சியையும் கொண்டுவந்து நீட்டினார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மங்கலம் அக்கா மட்டும் கூட்டத்தில் பின்னால் நின்று, "தம்பி, முடியுமான்னு தவுக்கேகிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்றார். நான் போய்த் தவுக்கேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மங்கலம் அக்கா புருஷன் கப்பலில் போன கதை, பார்ச்சு, இலை, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு படம் வரவழைக்கிற ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் இருக்கிறார் என்று சொல்லித் தொலைபேசியை எடுத்தார். ஒரு முறை இல்லை, பல முறை பேசினார்.

அடுத்த நாள் சாயங்காலம் கம்போங்குக்கு வந்தார். ரிப்பேருக்கு வருகிற அதே வெள்ளைச் சட்டை, சப்பாத்து. கையில் கருவிப் பெட்டி மட்டும் இல்லை. மங்கலம் அக்காவையும் வேலுப்பிள்ளையையும் உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தார்.

"கேட்டுட்டேன். இனி வராது."

"ஸ்டேஷன்ல நிறுத்திட்டாங்களா?" என்றார் வேலுப்பிள்ளை.

"அவங்க கையில இருந்ததை எல்லாம் போட்டுட்டாங்க. அதுக்கு மேல எடுக்கவே இல்ல. அந்த ஊர்ல யாருக்கும் பிடிக்கலையாம். நம்ம ஊருக்கு முதல் படம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க நிறுத்தியாச்சு."

எனக்கு அந்த வார்த்தை மண்டையில் ஏறவே கொஞ்ச நேரமாயிற்று. அப்படியென்றால் நாங்கள் முதல் வாரம் சிரிக்கத் தொடங்கியபோதே அது முடிந்து போன ஒன்று. இன்னும் மேலே மேலே வரும் என்று காத்திருந்தோமே, வருவதற்கு ஒன்றுமே இருந்திருக்கவில்லை. வெளிச்சம் மட்டும் தாமதமாக எங்கள் கூடத்துக்கு வந்திருக்கிறது. முருகா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்த ஆள்?" என்றார் மங்கலம் அக்கா.

"எந்த ஆள்?"

"வெளியில நிக்கிறானே."

தவுக்கே தன் கையைப் பார்த்துக்கொண்டார். "அங்கேயேதான்" என்றார்.

"யாரும் திரும்பிப் போய்க் கூட்டிட்டு வரலையா?"

"கூட்டிட்டு வர்ற கதையை யாரும் எடுக்கல."

மங்கலம் அக்கா எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். அழுகைச் சத்தம் வரும் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். அரிசி களைகிற சத்தம்தான் வந்தது.

பிறகு பார்ச்சு நாள் வரைக்கும் அவர் இலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலுப்பிள்ளையும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் பதில் போகவில்லை.

பார்ச்சு அன்று ராசம்மா காலையிலிருந்தே முன் வீட்டில் இலை நறுக்கிக் கொடுத்தாள். நான் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு கூடத்து ஓரத்தில் நின்றேன். வேலுப்பிள்ளை ஒவ்வொரு இலையாகப் போட்டு, தன் தாத்தா பேரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட்டார். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. சாதம், மீன், கூவே, பழம் என்று ஒவ்வொன்றாகப் பரிமாறினார்கள். கடைசி இலை வேலுப்பிள்ளையின் அம்மாவுக்கு. அது முடிந்து அவர் நிமிர்ந்தார். மங்கலம் அக்காவைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார்.

அப்போது மங்கலம் அக்கா சமையல்கட்டிலிருந்து ஒரு சின்ன இலையோடு வந்தார். வரிசையின் கடைசியில், அம்மாவின் இலையைத் தொடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டார். அதில் ஒரு கரண்டி சாதம் வைத்தார். பக்கத்தில் முட்டைக்கோஸ் பிரட்டல்.

வேலுப்பிள்ளை அந்த இலையைப் பார்த்தார். "தம்பிக்கா?"

"இல்ல அபாங். துக்காங்குக்கு."

ராசம்மா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அது ஒரு கூத்தாடி. அந்த நடிகர் தன் நாட்டில் தன் பிள்ளை குட்டியோடு உயிரோடு இருப்பாரே. அவருக்குச் செத்தவர் வரிசையில் இலையா? சிவ சிவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" வேலுப்பிள்ளை கத்தினார். "எங்க அப்பா உக்கார்ற வரிசை இது! டிவியில வர்ற பொய் ஆளுக்கு இங்க இலையா? எடு அதை!"

"எடுத்தா அவனுக்கு யாரு போடுவா?" மங்கலம் அக்காவின் குரல் உயரவில்லை. "கதை எடுத்தவனே விட்டுட்டுப் போயிட்டான். பாத்து சிரிச்சது நாமதானே. ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டவன் அபாங். நாம கூப்பிட்டுச் சோறு போட்டா என்ன குறைஞ்சிடும்?"

தேவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரிப்புதான் வந்தது அந்தப் பெண்ணுக்கு, பிறகு அது வேறாக மாறியது. வேலுப்பிள்ளை அந்த இலையை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் எடுக்காமல் அப்படியே நின்றார். சாதத்தில் கை வைக்க மனசு வரவில்லை அவருக்கு.

மங்கலம் அக்கா தரையில் உட்கார்ந்து, இலையின் நுனியை நேராக்கினார், முட்டைக்கோஸைச் சாதத்துக்குப் பக்கத்தில் தள்ளினார்.

"பொய் ஆளுக்கே போட்டாச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு, "தேவி. இன்னொரு இலை கொண்டா. தலைவாழை, பெருசா. உங்க அப்பாவுக்கு."

தேவி அசையவில்லை. ராசம்மாதான் ஓடிப்போய் எடுத்து வந்தாள். வேலுப்பிள்ளை அதை வாங்கித் தன் அம்மாவின் இலைக்கு அடுத்துப் போட்டார். மங்கலம் அக்கா பரிமாறினார். குழம்பை ஊற்றிவிட்டு, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு கிள்ளு உப்பு போட்டார். வேலுப்பிள்ளை தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். வரவில்லை. மங்கலம் அக்கா கூப்பிட்டார். புருஷன் பேரைச் சொல்லி, முழுப் பேரையும் சொல்லி, ஒருமுறை. அந்தப் பேரை அந்த வீட்டில் நான் கேட்டது அப்போதுதான்.

நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். கதவையும் சன்னலையும் சாத்தினார்கள். வாசலில் வெயில் அடித்தது, யாரும் யாரையும் பார்க்கவில்லை. வழக்கமாக எவ்வளவு நேரம் நிற்பார்களோ அவ்வளவு நேரம் நின்ற பிறகு, வேலுப்பிள்ளை கதவைத் திறக்கப் போனார்.

மங்கலம் அக்கா அவர் முன்னால் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க அபாங். ரொம்ப நாள் பசி. இன்னும் கொஞ்ச நேரம் சாப்பிடட்டும்."

நின்றோம்.